ஸ்காட்லாந்தில் மான் வேட்டைக்கு எந்த உடை வாங்கலாம்: வெற்று நிறமா, கேமோவா?

அக்டோபர் கடைசியில் ஸ்காட்லாந்து மலைக்குப் பெட்டை மான் வேட்டைக்கு முதல்முறை போகிறீர்கள். பச்சை, பழுப்பு என்று வெற்று நிறத்தில் வாங்கினால் போதுமா, இலை அச்சுப் போட்ட கேமோ (உருமறைப்பு உடை) வேண்டுமா என்பது கேள்வி. வெற்று நிறமே போதும். கேமோவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தைச் சத்தம் போடாத துணிக்குக் கொடுங்கள்.

முதலில் ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். ஸ்காட்லாந்தில் நிலை வேறு. ஓநாய் அழிந்துபோன அந்த மலைகளில் சிவப்பு மானைக் கொன்று தின்ன வேறு மிருகம் இல்லை. எண்ணிக்கை ஏறினால் மரக்கன்று எதுவும் தலையெடுக்காது. அதனால் நிலத்துக்காரர் அனுமதியோடு, பருவம் வகுத்துச் சுடுகிறார்கள். பெட்டை சிவப்பு மானுக்கு அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை பருவம். எஸ்டேட்டின் (அந்த வேட்டை நிலத்தின்) ஸ்டாக்கர், அதாவது மானைத் தேடி வழிகாட்டும் ஊழியர், முன்னால் போவார், நீங்கள் அவர் பின்னால் பதுங்கிப் போவீர்கள்.

மான் உங்களைக் கண்டுபிடிப்பதில் ஒரு வரிசை உண்டு. முதலில் மோப்பம். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து மான் பக்கம் வீசினால் எந்த உடையும் காப்பாற்றாது. அடுத்து அசைவு, பிறகு சத்தம், பிறகு சுற்றுப்புறத்தோடு ஒட்டாத வெளிர்ப்பும் கருமையும். துணியில் என்ன படம் அச்சிட்டிருக்கிறது என்பது கடைசி.

காரணம் மானின் கண்ணில் இருக்கிறது. நிறம் பிரிக்கும் செல்கள் நமக்கு மூன்று வகை, மானுக்கு இரண்டே வகை. 1990-களில் வெள்ளைவால் மானிலும் ஃபாலோ மானிலும் அளந்து பார்த்தார்கள். ஒரு வகை நீலத்தில் 450 நானோமீட்டர் பக்கமும், இன்னொன்று பச்சையில் 540 பக்கமும் உச்சம் காட்டின. சிவப்புக்கென்று தனி செல் இல்லை. அமெரிக்காவில் பல மாநிலங்கள் வேட்டைக்காரர்கள் கட்டாயம் போட வேண்டும் என்று சொல்லும் பளீர் ஆரஞ்சு, மானுக்கு நிறமாக உறுத்தாமல் இருப்பது இதனால்தான். மானுக்கு உறுத்துவது நீலம். ஜீன்ஸையும் நீல மழைக்கோட்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பார்வைக் கூர்மையும் அதற்கு நம்மைவிடக் குறைவு. 150 மீட்டரில் உங்கள் சட்டையிலுள்ள ஓக் இலையும் கிளையும் அதற்குத் தனித்தனியாகத் தெரியாது. எல்லாம் கலந்து ஒரே திட்டாகத் தெரியும். நுணுக்கமான அச்சு கடைக் கண்ணாடி முன் நிற்கும் மனிதனை மயக்குவதற்கு. மலையில் அதற்கு வேலை இல்லை.

நம் கண் புற ஊதாவைப் பெருமளவு வடிகட்டிவிடும். மானின் கண்ணில் அந்த வடிகட்டி இல்லை. சலவைத் தூளில் ‘வெண்மைக்கு’ என்று சேர்க்கும் பொருள் புற ஊதாவை உறிஞ்சி நீலமாக உமிழும். விடியலிலும் அந்தி வேளையிலும் இதன் விளைவு அதிகம். வீட்டிலேயே பார்க்கலாம். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் சிறிய புற ஊதா டார்ச்சை இருட்டறையில் உடை மேல் அடியுங்கள். ஒழுங்கான துணி மந்தமாகக் கிடக்கும். கெட்டது வெளிர் நீலமாக ஜொலிக்கும். காலர் மடிப்பும் தையல் நூலும் மட்டும் ஜொலிப்பதும் உண்டு. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய கேமோ ஒரே சலவையில் கெடுவது இப்படித்தான். சலவைத் தூள் வேண்டாம். அந்த ‘வெண்மைப்’ பொருள் சேராத சோப்பு திரவத்தில் அலசுங்கள். வாஷிங் மெஷினின் சோப்புத் தட்டில் பழைய தூள் ஒட்டியிருந்தால் முதலில் அதைக் கழுவுங்கள்.

இனி நிறம். புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, கரும்பச்சை வாங்குவது. அக்டோபர் கடைசியில் அந்த மலை பச்சையாக இருக்காது. புல் வைக்கோல் நிறத்துக்குப் போயிருக்கும், ஹெதர் புதர் தவிட்டுப் பழுப்பில் இருக்கும். அங்கே நனைந்த கரும்பச்சை கோட்டு கறுப்புக் கல் மாதிரி துருத்தும், அந்தக் கல் நகரவும் செய்யும். நடுத்தர அடர்த்தி வேண்டும்: மங்கிய பாசி, காய்ந்த சருகு, காக்கி. சந்தேகமாக இருந்தால் உடையைக் காய்ந்த புல் மேல் விரித்து, தண்ணீர் தெளித்து, ஐம்பது அடி தள்ளி நின்று போனில் படம் எடுங்கள். படத்தைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றுங்கள். துணி எங்கே முடிகிறது, புல் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருந்தால் அது சரியான துணி.

வெற்று நிறம் என்று நாம் சொன்னாலும் ஸ்காட்லாந்தின் ட்வீட் என்ற தடித்த கம்பளித் துணி உண்மையில் வெற்று நிறமே அல்ல. அது அந்தந்த மலைக்கென்று நெய்த உருமறைப்பு. பால்மோரல் எஸ்டேட்டுக்காக 1853-இல் விக்டோரியா ராணியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட் வடிவமைத்த ட்வீடில் கருநீலமும் வெள்ளையும் கலந்து, இடையிடையே சிவப்பு நூல் ஓடும். தள்ளி நின்றால் அது அந்தப் பகுதிக் கருங்கல்லின் சாம்பல் நிறம்தான். 1900-இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்காக லோவாட் பிரபு திரட்டிய லோவாட் ஸ்கவுட்ஸ் படையில் மலை எஸ்டேட்டுகளின் ஸ்டாக்கர்களும் உதவியாளர்களும் நிறைய இருந்தார்கள். புல்லும் நாரும் தொங்கும் ‘கில்லி சூட்’ ராணுவத்துக்குள் வந்தது இவர்கள் வழியாகத்தான். மான் வேட்டையிலிருந்து படைக்குப் போனதுதான் இந்த வித்தை.

துணியின் சத்தத்துக்கு வருவோம். கடையில் கோட்டின் கைப்பகுதியை நகத்தால் சுரண்டுங்கள். பிறகு கையைக் காதருகே வைத்து முழங்கையை மடக்கி நீட்டுங்கள். ‘சர்ர்’ என்றோ ‘மொடமொட’ என்றோ கேட்டால் வாங்காமல் ஹேங்கரிலேயே திரும்ப மாட்டிவிடுங்கள். கம்பளி, ஃப்ளீஸ் (பஞ்சு போன்ற செயற்கைத் துணி), மோல்ஸ்கின் (தடித்த மென்மையான பருத்தித் துணி) மூன்றும் சத்தம் போடாது. ஆனால் ஃப்ளீஸில் முள்ளும் விதையும் ஒட்டும், காற்றும் புகும். மோல்ஸ்கின் பருத்தி என்பதால் நனைந்தால் எளிதில் காயாது. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பிறகும் உடம்பில் சில்லிடாது. கனம்தான் அதன் குறை. மழைக்கோட்டு வேண்டும்தான். மேல்பக்கம் பிரஷ் செய்த மென்துணியாகப் பாருங்கள். பளபளப்பான நைலான் ஹெதரில் உரசும் சத்தம் அமைதியான நாளில் வெகுதூரம் போகும்.

கடைசி நூறு மீட்டர் தவழ்ந்துதான் போக வேண்டியிருக்கும். அதனால் முன்பக்கம் துருத்தும் பித்தளைப் பட்டன், பெல்ட் பக்கிள், சாவிக்கொத்து எதுவும் வேண்டாம். கல்லில் பட்டால் ‘டிங்’ என்று கேட்கும். முழங்காலில் இரட்டைத் துணி வேண்டும். கோட்டு இடுப்புக்குக் கீழே இறங்க வேண்டும். குட்டைக் கோட்டு தவழும்போது மேலேறிச் சேற்றை வயிற்றுக்குள் அள்ளிவிடும். பைனாகுலரைக் கோட்டுக்குள் விடுங்கள்.

உள்ளே மெரினோ (மென்மையான ஆட்டுக் கம்பளி) பனியன், சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் வரை கனமுள்ளது. பருத்தி பனியன் கூடவே கூடாது. ஏறும்போது லேசாகக் குளிர்கிற அளவுக்கே போட்டுக்கொள்ளுங்கள். வியர்த்த பிறகு மேட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பைனாகுலரால் மலையைத் துழாவும்போதுதான் உடம்பு நடுங்கும், நடுங்கும் கையால் சுட முடியாது. அதற்கென்று பஞ்சடைத்த கோட்டு ஒன்றைத் தண்ணீர் புகாத உறையில் முதுகுப்பையில் வையுங்கள். அக்டோபர் கடைசியில் குளிர்கால நேரத்துக்காக அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிய பிறகு மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும்.

கேமோ உதவும் இடம் காடு. மரங்களுக்குள் ரோ என்ற சிறிய வகை மானுக்காக 50 மீட்டரில் அசையாமல் காத்திருப்பவருக்கு உருவத்தின் விளிம்பை உடைக்கும் அச்சு பயன்படும். அங்கேயும் பெரிய திட்டுகளாக, வெளிர்ப்பும் கருமையும் எதிரெதிரே நிற்கும் அச்சையே எடுங்கள். மலையிலும் காட்டிலும் உண்மையில் மறைக்க வேண்டியவை முகமும் கையும். வெள்ளைத் தோலோ மாநிறமோ, வியர்த்த நெற்றி வெயிலில் மின்னும், கை ஓயாமல் அசையும். விளிம்புள்ள தொப்பி, மெல்லிய கழுத்துத் துணி, விரலோடு ஒட்டிய மங்கல் நிறக் கையுறை ஆகிய மூன்றும் முழு கேமோ சூட்டைவிட அதிகம் செய்யும்.

எஸ்டேட்டிடம் முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். மேலிருந்து கீழ்வரை கேமோவை விரும்பாத எஸ்டேட்டுகள் உண்டு. பொதுமக்கள் நடக்கும் மலையில் துப்பாக்கியோடு ராணுவ அச்சு உடையில் ஆளைப் பார்த்தால் சிலர் போலீஸுக்குப் போன் செய்வார்கள். ட்வீட் போட்டவரை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

காலுக்குக் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை கெய்ட்டர் (காலைச் சுற்றிக் கட்டும் உறை) கட்டுங்கள். சேற்றுக்கு மட்டுமல்ல, உண்ணிக்கும் அதுதான் தடுப்பு. லைம் நோய் உண்ணியால் வருகிறது. பழுப்புத் துணியில் உண்ணி கண்ணில் படாது. திரும்பியதும் உடைகளை அறைக்குள் கொண்டுவராமல் வெளியே உதறி, முழங்காலின் பின்பக்கம், இடுப்பு மடிப்பு, அக்குள், காதின் பின்புறம் எல்லாம் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக இழுங்கள்.