மேக் வந்தாச்சு, டேலியை எங்கே வைப்பது?

கோட்டையூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வீட்டிலேயே பலகாரம் போட்டு சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்புகிறோம். ஆரம்பத்திலிருந்து விண்டோஸ்தான். கணக்கு டேலியில், ஆர்டர் எக்செலில், டப்பாவில் ஒட்டும் லேபிள் தமிழில். மகன் லீவுக்கு வந்தபோது மேக்புக் ஏர் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். கை ஓடவே மாட்டேன் என்கிறது தம்பி. கன்ட்ரோல் சி அழுத்தினால் காப்பி ஆகவில்லை. மூடினது மூடினபடி இருப்பதில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒன்றும் போட முடியவில்லை. டேலி இதில் ஏறுமா? பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?"

திருப்பிக் கொடுக்க வேண்டாம் ஆச்சி. ஆனால் பழைய கம்ப்யூட்டரையும் இப்போது யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதில்தான் இருக்கிறது.

டேலியை முதலில் பேசிவிடுவோம். டேலி பிரைம் விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது, மேக்குக்கென்று தனியாக இல்லை. முன்பெல்லாம் இன்டெல் சிப் வைத்த மேக்கில் ஆப்பிளின் பூட் கேம்ப் என்ற வசதி வழியாக விண்டோஸையே ஏற்றிக்கொள்ளலாம். 2020 கடைசியில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்புக்கு மாறியது. அந்த வரிசை மேக் எதிலும் பூட் கேம்ப் கிடையாது. பேரலல்ஸ் போன்ற மென்பொருளை வாங்கி மேக்குக்குள் விண்டோஸ் 11ஐ ஓட்டலாம்தான். அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அப்படி ஓடுவதும் வழக்கமான இன்டெல் சிப்புக்கானது அல்ல, ஏஆர்எம் என்ற வேறு வகைச் சிப்புக்கான விண்டோஸ். வரி கட்டும் கணக்கை அந்த மாதிரி ஏற்பாட்டை நம்பி நடத்துங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். டேலி பழைய கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும். அதில் இருப்பது விண்டோஸின் புரோ பதிப்பு என்றால் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்துவிட்டு, மேக்கில் மைக்ரோசாஃப்ட்டின் 'விண்டோஸ் ஆப்' போட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே டேலியைப் பார்க்கலாம். ஹோம் பதிப்பில் இந்த வசதி இல்லை.

எப்போது மாறுவது என்பதும் முக்கியம். பிள்ளையார் நோன்பு, தைக் கல்யாணம் என்று ஆர்டர் குவியும் நேரத்தில் புது மெஷினைத் தொடாதீர்கள். கை பழகும்வரை ஒவ்வொரு வேலையிலும் வேகம் குறையும், அது எல்லோருக்கும் உள்ளதுதான். சீசன் முடிந்து ஆர்டர் அடங்கியதும் லேபிளை மட்டும் முதலில் மேக்குக்குக் கொண்டுவாருங்கள். அது கைக்கு வந்த பிறகு எக்செல்.

இனி கை. இத்தனை வருடமாக உங்கள் இடது சுண்டுவிரல் கன்ட்ரோலைத் தேடிப் பழகியிருக்கிறது. மேக்கில் அந்த வேலையைச் செய்வது ஸ்பேஸ் பாரை ஒட்டியிருக்கும் கமாண்ட் கீ, அதை அழுத்த வேண்டியது கட்டைவிரல். கமாண்ட் சி காப்பி, கமாண்ட் வி பேஸ்ட், கமாண்ட் இசட் அண்டூ, கமாண்ட் எஸ் சேவ். செட்டிங்ஸில் மாடிஃபையர் கீஸ் என்ற இடத்தில் கன்ட்ரோலையும் கமாண்டையும் இடம் மாற்றி வைக்க வழி இருக்கிறது, பலர் அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பார்கள். என் யோசனை, அதைச் செய்யாதீர்கள். பிறகு மகன் வந்து உட்கார்ந்தால் அவருக்குக் குழப்பம், நீங்கள் வேறொரு மேக்கில் உட்கார்ந்தால் உங்களுக்குக் குழப்பம். கட்டைவிரல் சீக்கிரம் பழகிவிடும்.

நீங்கள் சொன்ன "மூடினது மூடினபடி இல்லை" என்பது பழுது இல்லை. இடது மூலையில் உள்ள சிவப்புப் பொட்டு பெரும்பாலும் ஜன்னலை மட்டுமே மூடும். எக்செல் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும், கீழே டாக் என்ற ஐகான் வரிசையில் அதன் படத்துக்கு அடியில் சின்னப் புள்ளி தெரியும். முழுதாக நிறுத்த கமாண்ட் க்யூ. ஏதாவது உறைந்து நின்றால் கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ரைட் கிளிக்குக்கு டச்பேடில் இரண்டு விரல். ஸ்க்ரோல் தலைகீழாகப் போவதாகத் தோன்றினால் டிராக்பேட் செட்டிங்ஸில் 'நேச்சுரல் ஸ்க்ரோலிங்'கை அணைத்துவிடலாம். இதை மாற்றுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஃபைல் விஷயத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஒரு ஃபைலைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால் அது திறக்காது, பெயர் மாற்றச் சொல்லி நிற்கும். திறக்க கமாண்ட் ஓ. டெலீட் என்று எழுதியிருக்கும் கீ, விண்டோஸின் பேக்ஸ்பேஸ். கர்சருக்கு வலப்பக்கம் உள்ள எழுத்தை அழிக்க எஃப்என் சேர்த்து அழுத்துங்கள். ஃபைலைக் குப்பைக்கு அனுப்ப கமாண்ட் டெலீட். ஃபைலுக்கு கட் என்பது இங்கே கிடையாது. கமாண்ட் சி போட்டுவிட்டு, சேர வேண்டிய இடத்தில் கமாண்ட், ஆப்ஷன், வி மூன்றையும் அழுத்தினால் அது இடம் மாறும்.

ஆபத்தான வித்தியாசம் ஒன்று உண்டு. விண்டோஸில் ஒரே பெயருள்ள இரண்டு ஃபோல்டரை ஒன்றின் மேல் ஒன்று போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் ஒன்றாகச் சேரும். மேக்கில் 'ரீப்ளேஸ்' என்று கேட்கும்போது சரி என்று அழுத்தினால், ஏற்கெனவே அங்கிருந்த ஃபோல்டர் முழுவதும் போய், புதியது அந்த இடத்தில் உட்காரும். பழையதில் மட்டும் இருந்த பில்கள் அதோடு போய்விடும். 'சிங்கப்பூர் பில்' என்ற பெயரில் உங்களிடம் எத்தனை ஃபோல்டர் இருக்கிறதோ, ஒவ்வொன்றின் பெயரிலும் வருடத்தைச் சேர்த்துவிட்டுப் பிறகு நகர்த்துங்கள். ரீப்ளேஸ் என்ற சொல் திரையில் வந்தால் ஸ்டாப்பை அழுத்திவிட்டு, உள்ளே இருப்பதைத் திறந்து பார்த்துத் தனித்தனியாக எடுத்து வையுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கில் எழுத முடியாததற்குக் காரணம், அது அநேகமாக என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். மேக் அதைப் படிக்கும், எழுதாது. இரண்டு பக்கமும் வேலை செய்யும் முறை எக்ஸ்ஃபேட். ஆனால் ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். ஆகவே டிஸ்க்கில் உள்ளதை முதலில் மேக்கிலோ பழைய கம்ப்யூட்டரிலோ இறக்கி, நாலைந்து ஃபைலைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, அதற்குப் பிறகு மேக்கின் டிஸ்க் யுடிலிட்டியில் எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்யுங்கள். மேக்புக் ஏரில் 256 ஜிபிதான் என்றால் இடம் போதுமா என்று முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பென் டிரைவில் அழித்த ஃபைல்கள் குப்பைத்தொட்டியைக் காலி செய்யும்வரை இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். எதையும் பிடுங்குவதற்கு முன் எஜெக்ட் செய்வது இங்கே கட்டாயம்.

இதோடு, இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷினுக்கென்றே ஒதுக்குங்கள். அதைச் செருகிவிட்டால் மேக் தானாகவே பேக்கப் எடுத்துக்கொள்ளும். இதற்கான டிஸ்க்கை மேக் தன் முறையில் ஃபார்மட் செய்யும் என்பதால், விண்டோஸோடு பகிரும் டிஸ்க்கையே இதற்குக் கொடுத்துவிடாதீர்கள். நம் ஊரில் பேரேடு எழுதி ஐந்தொகை பார்த்த வீடுகளில் கணக்கு ஏட்டைத் தனிப் பெட்டியில் வைத்துக் காத்தார்கள். இந்த டிஸ்க்குக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கள்.

எக்செல் மேக்கிலும் உண்டு, உங்கள் ஆர்டர் ஷீட் அப்படியே திறக்கும். எஃப்2 அழுத்தினால் திரை வெளிச்சம் கூடுகிறது என்று திகைக்க வேண்டாம். எஃப்என் சேர்த்து அழுத்துங்கள், அல்லது கன்ட்ரோல் யூ. எஃப்4 போட்டு டாலர் குறி வரவழைப்பீர்களே, அதற்கு கமாண்ட் டி (T). விண்டோஸில் ஆல்ட் அழுத்தி மெனு எழுத்துகளில் ஓடும் பழக்கம் இங்கே அப்படியே கைகொடுக்காது. உங்களுக்கு நிஜமாகவே குறையாகப் படப்போவது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

தமிழ் எழுதுவதில் மேக் உங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போகும். தனியாக எதையும் இறக்க வேண்டாம். சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு, அதற்குள் இன்புட் சோர்ஸஸ், அதில் தமிழ். தமிழ் 99, அஞ்சல் இரண்டும் அங்கே இருக்கும். ஒலிப்படி ஆங்கில எழுத்தில் தட்டிப் பழகியவர் என்றால் அஞ்சல், முறையாகக் கற்றவர் என்றால் தமிழ் 99. மொழி மாற்ற கன்ட்ரோல் ஸ்பேஸ். தமிழ் சங்கம் எம்என், இணைமதி என்று மேக்கோடு வரும் அழகான எழுத்துருக்கள் மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்தவை. சீப்புச்சீடை, மணகோலம் என்று டப்பா மேல் அச்சாகும்போது எழுத்து அத்தனை தெளிவாக நிற்கும்.

பழைய லேபிள்கள் பாமினி எழுத்துருவில் இருந்தால் மேக்கில் ஆங்கில எழுத்துகளாகச் சிதறித் தெரியும். அந்த எழுத்துரு ஃபைலை பழைய கம்ப்யூட்டரிலிருந்து கொண்டுவந்து டபுள் கிளிக் செய்தால் ஃபான்ட் புக் ஏற்றிக்கொள்ளும், சிதறல் சரியாகும். ஆனாலும் நேரம் கிடைக்கும்போது அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இலவச மாற்றிகள் இணையத்தில் நிறைய உண்டு. மாற்றிய பிறகு வாட்ஸ்அப்பிலும் கூரியர் முகவரியிலும் அதே எழுத்து உடையாமல் போகும்.

லேபிள் பிரிண்டருக்கு மேக் டிரைவர் இருக்கிறதா என்று அதன் தயாரிப்பாளர் தளத்தில் பாருங்கள். இல்லையென்றால் லேபிளை பிடிஎஃப் ஆக்கிப் பழைய கம்ப்யூட்டரிலிருந்தே அச்சிடலாம், புது பிரிண்டர் வாங்க அவசரமில்லை. அந்தப் பழைய கம்ப்யூட்டரில் ஓடுவது விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 14 அக்டோபர் 2025 அன்றே நின்றுவிட்டது. ஆகவே பேங்க், ஜிஎஸ்டி தளம், ஈமெயில் இவற்றை மட்டும் சீசன் பார்க்காமல் இன்றே மேக்குக்கு மாற்றுங்கள். உங்கள் பெயரிலேயே நடக்கும் தொழில் என்றால் ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு ஓடிபி போதும், டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கன் வேண்டாம். பழையதில் டேலியும் பிரிண்டரும் மட்டும் இருக்கட்டும், அதில் பிரவுசரைத் திறக்காதீர்கள். டேலியின் பேக்கப்பை வாரம் ஒருமுறை எக்ஸ்ஃபேட் டிஸ்க் வழியாக மேக்குக்குக் கொண்டுவந்து வையுங்கள்.