வாகனக் கேள்வி–பதில்: வால்வு நேரமும் எஞ்சின் ஆயிலும்

இந்த இதழில் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார வாசகர்களின் கேள்விகள்.

என் பழைய பெரோடுவா மைவி 1.3 காரின் எஞ்சினில் 'டிவிவிடி' (வால்வு திறந்து மூடும் நேரத்தை மாற்றும் அமைப்பு) என்று போட்டிருக்கிறது. அதனால் பவர் கூடுமா? புகை குறையுமா?

இரண்டும் உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் அல்ல.

எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐட்லிங் ஓடும்போது, பிஸ்டன் ஒருமுறை கீழிறங்கிக் காற்றை இழுக்க ஏறக்குறைய 37 மில்லி விநாடி கிடைக்கிறது. 6,000 சுற்றில் 5 மில்லி விநாடிதான். அந்த வேகத்தில் ஓடிவரும் காற்று, பிஸ்டன் மேலே திரும்பிய பிறகும் உள்ளே பாய்ந்துகொண்டே இருக்கும். அதனால் காற்று நுழையும் இன்டேக் வால்வைத் தாமதமாக மூடினால் லாபம். குறைந்த சுற்றில் அப்படித் தாமதித்தால் இழுத்த காற்றே வெளியே தள்ளப்படும், இழுவை போய்விடும். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம், சாதாரண எஞ்சினில் இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் பொருந்தும். டிவிவிடியில் இன்டேக் கேமின் முனையில் உள்ள ஆக்சுவேட்டர், ஆயில் அழுத்தத்தால் கேமைச் சற்று முன்னும் பின்னும் திருப்புகிறது. உச்ச பவரைவிட நடுத்தரச் சுற்றில்தான் பலன் தெரியும். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மேடேறும்போது கியரைக் குறைக்காமலே கார் இழுப்பது இதனால்தான்.

புகை விஷயம்: சீரான வேகத்தில் போகும்போது இன்டேக் வால்வு முன்கூட்டியே திறக்கும். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு இன்னும் மூடியிருக்காது. எரிந்த வாயுவில் கொஞ்சம் மறுபடி உள்ளே கலந்து, எரியும் வெப்பத்தைத் தணிக்கும். நைட்ரஜன் ஆக்சைடுகள் கடும் வெப்பத்தில் உருவாகிறவை, ஆகவே அவை குறைகின்றன. பெட்ரோலும் மிச்சமாகும். அந்த ஆக்சைடுகள் கண்ணுக்குத் தெரியாத வாயுக்கள். டெயில் பைப்பில் நீலப் புகை வந்தால் அது ஆயில் எரிவது. பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ பாருங்கள், டிவிவிடியைக் குறை சொல்லாதீர்கள்.

சிக்னலில் நின்றால் கார் நடுங்குகிறது, சில சமயம் அணைந்தே போகிறது. ஸ்கேனரில் பி0011 என்ற கோளாறுக் குறியீடு வந்தது. பட்டறையில் கேம் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பொறுங்கள். பி0011 என்றால் கேம் இருக்கவேண்டிய இடத்தைவிட முன்னே தள்ளி நிற்கிறது என்று பொருள். அந்த நிலையைக் கண்டு சொன்னதே சென்சார்தான். ஐட்லிங்கிலும் இன்டேக் வால்வு முன்கூட்டியே திறந்தால் எரிந்த வாயு அளவுக்கு மீறிக் கலந்து தீ சரியாகப் பிடிக்காது. நடுக்கம் அதனால்தான். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து, நாளடைவில் அதையும் கெடுக்கும். ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் குறைவாகவோ தார் போலவோ இருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, ஸ்கேனரில் அந்தக் குறியீட்டை அழித்து ஓட்டிப் பாருங்கள். குறியீடு திரும்பி வந்தால் அடுத்தது ஆக்சுவேட்டருக்கு ஆயிலை விடும் ஆயில் கன்ட்ரோல் வால்வு, சுருக்கமாக ஓசிவி. எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போதே அதன் சாக்கெட்டைக் கழற்றுங்கள். நடுக்கம் நின்றால் வால்வு நகர்கிறது, கோளாறு வயரிங்கிலோ எஞ்சின் கம்ப்யூட்டரின் கட்டளையிலோ இருக்கிறது. நடுக்கம் அப்படியே இருந்தால் வால்வு சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

எஞ்சின் ஆறியபின் போல்ட்டைக் கழற்றி, வால்வை இலேசாகத் திருப்பி வெளியே இழுங்கள். டொயோட்டா வகை ஓசிவி பலவற்றில் சுருளின் மின்தடை 20 டிகிரியில் 6.9 முதல் 7.9 ஓம் வரை இருக்கும். பேட்டரியின் 12 வோல்ட்டை ஒரு கணம் கொடுத்தால் உள்தண்டு டக்கென்று நகர்ந்து, எடுத்ததும் திரும்ப வேண்டும். அரைகுறையாக நின்றால் அங்கே பிசினோ உலோகத் துகளோ இருக்கிறது. கார்புரேட்டர் கிளீனர் அடித்துக் கழுவுங்கள், கம்பியால் குத்தாதீர்கள். திரும்பப் பொருத்தும்போது புது ஓ-ரிங் போட்டு, அதில் ஆயில் தடவுங்கள். இதன் பிறகும் பி0011 வந்தால்தான் ஆக்சுவேட்டரையும் டைமிங் செயினையும் சந்தேகிக்க வேண்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஓரிரு விநாடி கடகடவென்று சத்தம் வந்தால் ஆக்சுவேட்டரின் பூட்டு ஊசி தேய்ந்திருக்கலாம்.

செம்பனைத் தோட்டத்துக்குள் செம்மண் சாலையில்தான் தினமும் ஓட்டம். 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயில் போட்டால் எஞ்சினுக்கு நல்லது என்கிறார்களே?

டிவிவிடி எஞ்சினுக்கு வேண்டாம். ஓசிவியின் வழிகள் குறுகலானவை. கெட்டி ஆயில் மெதுவாகப் போகும், கேம் கட்டளைக்குப் பிந்தும். கையேட்டில் உள்ள தரத்தையே போடுங்கள்.

உங்கள் ஓட்டத்தில் கவனிக்க வேண்டியது வேறு. வீட்டிலிருந்து டவுனுக்கு நாலு கிலோமீட்டர் போய் அணைத்தால் எஞ்சின் முழுச்சூடு பிடிக்காது. ஈரமும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிக் கசடாகும். கையேடு 10,000 கிலோமீட்டர் என்றாலும் நீங்கள் 5,000-இல் மாற்றுங்கள். ஏர் ஃபில்டரை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். கசடு ஏற்கெனவே பிடித்திருந்தால் கடும் ஃப்ளஷ் திரவம் ஊற்றவேண்டாம். பெயர்ந்த கசடு ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்தால் எஞ்சினே போய்விடும். புது ஆயில் போட்டு 1,000 கிலோமீட்டர் ஓட்டி, ஃபில்டரோடு மறுபடி மாற்றுங்கள்.