டகேமிட்சுவும் மூங்கில் குழலும்: கேள்வி பதில்

ஜப்பானிய இசையமைப்பாளர் டோரு டகேமிட்சு (1930–1996), ஷகுஹாச்சி என்ற மூங்கில் குழலை மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவோடு மேடையேற்றியவர். அவரைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இங்கே.

கே: ஷகுஹாச்சி நம்ம புல்லாங்குழல் மாதிரிதானே, அண்ணா?

இல்லை. நம்முடையது பக்கவாட்டில் பிடித்து ஊதுவது. இதை நேராகப் பிடித்து, மேல் நுனியில் சீவிய விளிம்பில் ஊத வேண்டும். வழக்கமான நீளம் சுமார் 54 செ.மீ. துளைகள் ஐந்தே: முன்னால் நான்கு, பின்னால் ஒன்று. அதனால் மற்ற சுரங்களைப் பிடிக்கத் துளையைப் பாதி மூடணும், தலையைக் குனிந்து நிமிரணும். குனிந்தால் சுருதி இறங்கும், கூடவே ஒலியும் மங்கும். அந்த மங்கல் இந்தக் கருவியின் உயிர். 'முராஇகி' என்று ஓர் ஊதல் உண்டு. காற்றை வேகமாக அடிக்கும்போது சுரத்தை முந்திக்கொண்டு மூச்சின் இரைச்சல் கேட்கும். டகேமிட்சு அந்த இரைச்சலையும் இசையாகவே எடுத்துக்கொண்டார்.

கே: ஷகுஹாச்சிக்கு எந்த பிளகின் நல்லது?

கம்ப்யூட்டரில் கருவியின் ஒலியைத் தரும் மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒரே சுரம் குனிந்து ஊதினால் ஒரு மாதிரி, நிமிர்ந்து ஊதினால் வேறு மாதிரி. கீபோர்டில் கட்டையை அழுத்தினால் அது வராது. வாசிக்கிற ஆளைத் தேடிப் பிடியுங்கள்.

கே: டகேமிட்சுவின் 'நவம்பர் ஸ்டெப்ஸ்' கேட்டேன். குழலும் பிவா என்ற நரம்புக் கருவியும் ஒரு பக்கம், ஆர்கெஸ்ட்ரா ஒரு பக்கம். சேரவே இல்லை. இதுவா ஃப்யூஷன்?

நல்லாவே கேட்டிருக்கிறீர்கள். சேரக் கூடாது என்றுதான் அப்படி எழுதினார். நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் தன் 125ஆம் ஆண்டுக்காக எழுதச் சொன்னது. 1967 நவம்பரில் செய்ஜி ஒசாவா நடத்த, கட்சுயா யோகோயாமா குழலும், கின்ஷி ட்சுருடா பிவாவும் வாசித்தார்கள். தொடக்கத்தில் டகேமிட்சுவுக்கும் கலக்கும் எண்ணம்தான். எழுத எழுத, இவை இரண்டு தனி உலகங்கள், வித்தியாசத்தைப் பூசி மெழுகக் கூடாது என்று முடிவுக்கு வந்தார். கடைசிப் பகுதியை நெருங்கும்போது ஆர்கெஸ்ட்ரா முழுக்க நின்றுவிடும். அந்த இரண்டு பேர் மட்டும் நிமிடக் கணக்கில் வாசிப்பார்கள். அந்த இடத்துக்கு வழக்கமான நோட்டேஷன்கூடக் கிடையாது, வரைகுறியீடுகள்தான். பழைய கருவி கண்டக்டரின் கைக்கு அடங்காமல் தன் மூச்சுக் கணக்கில் நடக்க அவர் இடம் விட்டார்.

கே: குறுக்கிடுகிறேன். 1973ல் இதே இரண்டு கருவிகளுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் 'இலையுதிர் காலம்' எழுதினாரே. அதில் கலந்திருக்கிறாரே? பிரித்து வைப்பதுதான் சரி என்றால் ஏன் மாற்றிக்கொண்டார்?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். அதில் இரண்டும் நெருங்கித்தான் வருகின்றன. ஆனால் என் காதுக்கு அங்கே நகர்வது ஆர்கெஸ்ட்ராதான். குழல் ஆர்கெஸ்ட்ராவின் சுருதிக்கும் தாளத்துக்கும் ஓடவில்லை, ஆர்கெஸ்ட்ரா குழலின் நிறத்துக்கு இறங்கி வருகிறது. முதலில் வித்தியாசத்தை ஒத்துக்கொண்டவரால்தான் இப்படி நெருங்க முடியும். நம் ஃப்யூஷன் கச்சேரிகள் பலவற்றில் அந்த முதல் படியே இல்லை. டிரம்ஸும் பேஸும் போடும் வட்டத்துக்குள் குழல் அலங்காரத்துக்கு வந்து போகிறது. இதில் நீங்கள் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு வாருங்கள், பேசுவோம்.

கே: குழல் ரெக்கார்டிங்கில் பிட்ச் கரெக்‌ஷன் போடலாமா?

போடாதீர்கள். சுருதியைத் திருத்தும் மென்பொருளால் சுரத்தின் வளைவை நிமிர்த்தினால் ஷகுஹாச்சியே இருக்காது.

கே: நாதஸ்வரத்துக்கு எப்படி எழுதுவது?

என் துறை இல்லை. ஒரு நாதஸ்வர வித்வான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கே: வேறு காற்றுக் கருவிகளைத் தொட்டாரா?

தொட்டார். காகாகு என்ற அரசவை இசைக் குழுவுக்காக 1973ல் ஒன்று எழுதி, 1979ல் அதை ஆறு பகுதிகளாக விரித்தார். அந்தக் குழுவில் ஹிச்சிரிகி உண்டு. ஒரு சாண்கூட இல்லாத இரட்டை நாணல் கருவி, ஆனால் சத்தம் கூரையைப் பிளக்கும். ஷோ என்பது 17 மூங்கில் குழாய்கள் சேர்ந்தது, 15தான் ஒலிக்கும். மூச்சின் ஈரம் உள்ளே தங்கினால் நாணல் ஒழுங்காகப் பேசாது. அதனால் வாசிப்பவர் பக்கத்தில் ஹீட்டரை வைத்துக்கொண்டு, இடைவேளை கிடைக்கும்போதெல்லாம் கருவியை அதன்மேல் திருப்பித் திருப்பிக் காட்டுவார்.

கே: இலவச ஷகுஹாச்சி பிளகின் இருக்கா?

மேலே பிளகின் கேள்விக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கே: எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

முதலில் 1966ல் எழுதிய 'எக்லிப்ஸ்'. பிவாவும் ஷகுஹாச்சியும் மட்டும்தான், காது பழகிவிடும். அப்புறம் 'நவம்பர் ஸ்டெப்ஸ்', ஒசாவா டொராண்டோ சிம்பொனியோடு செய்த பதிவு. யோகோயாமாவும் ட்சுருடாவும்தான் அதிலும் வாசிக்கிறார்கள்.