பொம்மையின் ஓரத்தில் கண்ணி எடுப்பது எப்படி?

கேள்வி: உல்லனில் முயல் பொம்மை பின்னுகிறேன். உடலின் பக்க ஓரத்தில் 15 கண்ணிகள் (நூல் வளையங்கள்) எடுத்துப் பின்ன வேண்டும் என்று குறிப்பில் இருக்கிறது. ஆனால் ஓரத்தில் இருப்பதோ 20 வரிசைகள். எங்கே குத்துவது? நான் எடுத்த இடமெல்லாம் ஓட்டை விழுந்து பஞ்சு தெரிகிறது.

பதில்: கணக்கு சரிதான். ஒரு வரிசை நிட் (நூலைப் பின்னால் வைத்துப் பின்னுவது), ஒரு வரிசை பர்ல் (நூலை முன்னால் வைத்துப் பின்னுவது) என்று போகும் பின்னலில் கண்ணியின் உயரத்தைவிட அகலம் கொஞ்சம் அதிகம். அதனால் பக்க ஓரத்தில் 4 வரிசைக்கு 3 கண்ணி எடுத்தால் போதும். மூன்று வரிசையில் எடுங்கள், நான்காவதை விடுங்கள். இப்படி ஐந்து தடவை செய்தால் 15 வந்துவிடும். இருபதிலும் எடுத்தால் ஓரம் கொசுவம் வைத்ததுபோல் அலையலையாக நிற்கும்.

ஓட்டைக்குக் காரணம் பெரும்பாலும் குத்தும் இடம்தான். கடைசி ஓரத்தில் தொங்கும் அரைக் கண்ணியில் குத்தினால் அது இழுபடும். ஸ்வெட்டரில் இதைக் கண்டுகொள்ளாமல் விடலாம், பஞ்சு அடைக்கும் பொம்மையில் முடியாது. நல்ல பக்கம், அதாவது வெளியே தெரியும் பக்கம், உங்களைப் பார்க்க, ஓரம் மேலே இருக்கும்படி பிடியுங்கள். வலது கோடியில் தொடங்கி, ஓரக் கண்ணி முழுவதையும் விட்டு, அதற்கும் அடுத்த கண்ணிக்கும் நடுவே ஊசியை முன்னாலிருந்து பின்னால் விடுங்கள். பின்னால் இருக்கும் நூலை ஊசியில் சுற்றி முன்பக்கம் இழுத்தால் ஒரு கண்ணி. ஊசி நுழைய மறுத்தால் குரோஷே ஊசியால் (நுனியில் கொக்கி உள்ள ஊசி) இழுத்து மாட்டிக்கொள்ளலாம். பின்னும் ஊசியைவிட ஒரு அளவு சின்னதை இதற்கு மட்டும் வைத்துக்கொண்டால் இன்னும் நெருக்கமாக வரும்.

மூலைகளில் மட்டும் எப்படியும் இடைவெளி விழும். அங்கே ஒரு கண்ணி கூடுதலாக எடுத்து, அடுத்த வரிசையில் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்து ஒன்றாகப் பின்னிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. நூலை இழுத்து எடுத்ததே ஒரு நிட் வரிசை. திருப்பியதும் அடுத்தது பர்ல். அதை மறந்து நிட் போட்டால் நல்ல பக்கத்தில் ஒரு மேடு எழும்பும்.

அடிப்பக்கத்தில், அதாவது கண்ணி ஏற்றித் தொடங்கிய ஓரத்தில், இந்த 4-க்கு 3 கணக்கு வேண்டாம். அங்கே கண்ணிக்குக் கண்ணி எடுத்தால் சரி.