எத்தியோப்பியத் திருச்சபை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எத்தியோப்பியக் கிறித்தவர்கள் கிறிஸ்துமஸை ஜனவரி 7இல் கொண்டாடுகிறார்கள். சனிக்கிழமையும் அவர்களுக்குப் புனித நாள். பன்றிக்கறி தொடமாட்டார்கள். வெள்ளைக்கார மிஷனரிகள் கொண்டுபோன மதத்தில் யூத வழக்கங்கள் கலந்துவிட்டனவா? ஆர்த்தடாக்ஸ் என்கிறார்களே, ரஷ்யத் திருச்சபையின் கிளையா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மிஷனரி கணக்கு இங்கே செல்லாது. எத்தியோப்பியாவின் பழைய அரசான அக்சுமின் மன்னன் எசானா 4ஆம் நூற்றாண்டிலேயே மதம் மாறிவிட்டான். அவன் காசுகளே சாட்சி: முதலில் அடித்தவற்றில் பிறையும் வட்டமும், பிறகு அடித்தவற்றில் சிலுவை. முதல் ஆயர் ஃப்ருமெந்தியுஸுக்குப் பட்டம் கொடுத்தவர் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஆயராக இருந்த அத்தனாசியுஸ். அன்று தொடங்கிய எகிப்து உறவு நீண்டது. தங்களுக்கென்று ஒரு பேட்ரியார்க் (தலைமை ஆயர்) கிடைத்தது 1959இல்தான். ஐரோப்பியர் முயன்றும் பார்த்தார்கள். கத்தோலிக்கத் துறவிகளான யேசு சபையினரின் பேச்சைக் கேட்டு 1622இல் பேரரசர் சுசெனியோஸ் கத்தோலிக்கரானார். நாடே கலகத்தில் இறங்க, 1632இல் பழைய முறைக்கே அனுமதி கொடுத்துவிட்டு மகனிடம் முடியை ஒப்படைத்தார்.

ரஷ்யக் கிளையும் அல்ல. கிறிஸ்துவுக்கு இரண்டு இயல்புகள் என்று 451இல் ஆயர்கள் கூடிய கால்செதோன் சங்கம் வரையறுத்ததை ரஷ்யர்கள் ஏற்பவர்கள், இவர்கள் ஏற்காதவர்கள். இவர்கள் திருச்சபையின் பெயரிலுள்ள ‘தெவாஹெதோ’வுக்கே ‘ஒன்றானது’ என்றுதான் பொருள். எகிப்தின் காப்டிக், ஆர்மீனிய, சிரியத் திருச்சபைகள் இவர்களுக்குப் பங்காளிகள். கோட்டயத்து மலங்கரை ஆர்த்தடாக்ஸ்காரர்களும் அந்தப் பந்தியில்தான். ஜனவரி 7 ரஷ்யர்களோடு ஒத்துப்போவதற்குக் காரணம் நாட்காட்டி. இருவருமே நான்கு ஆண்டுக்கு ஒரு நாளைத் தவறாமல் கூட்டும் பழைய கணக்கில் இருப்பதால் 13 நாள் பின்தங்கியிருக்கிறார்கள்.

‘கலந்துவிட்டது’ என்ற சொல்லைத்தான் நான் ஏற்கமாட்டேன். சனிக்கிழமை ஓய்வு தற்செயலாக ஒட்டிக்கொண்டதல்ல. அதைக் கடைப்பிடித்த எவொஸ்தாதெவொஸ் என்ற துறவியின் சீடர்கள் ஒதுக்கிவைக்கப்பட்டார்கள், விடாமல் வாதாடினார்கள். பேரரசர் ஸெரா யாக்கோப் 1450இல் தெப்ர மித்மாக் என்ற இடத்தில் கூட்டிய சங்கம் சனி, ஞாயிறு இரண்டும் புனிதம் என்று முடித்துவைத்தது.

உங்கள் பட்டியலில் தாபோத்தும் சேர வேண்டும். பத்துக் கட்டளைப் பலகையைக் குறிக்கும் மரப்பலகை அல்லது கல்பலகை அது. கோயிலின் கருவறையில் இருக்கும். ஆயர் அர்ச்சித்த தாபோத் இல்லாவிட்டால் கட்டடம் எவ்வளவு பெரிதானாலும் கோயில் ஆகாது. பொதுமக்கள் கண்ணில் அது படக்கூடாது. ஜனவரியில், இயேசு திருமுழுக்குப் பெற்றதை நினைவுகூரும் திம்கத் திருவிழாவின்போது பட்டுத்துணியில் பொதிந்து, குருவானவர் தலையில் சுமந்து, மேலே குடை பிடிக்க, நீர்நிலைக்கு எடுத்துப்போவார்கள். கூட்டம் பார்ப்பது துணியை மட்டும்தான்.

உண்மையில் அன்றாடத்தில் மிகப் பெரிய வித்தியாசம் நோன்பு. புதனும் வெள்ளியும் இறைச்சி, முட்டை, பால், நெய் எதுவும் கிடையாது. ஈஸ்டருக்கு முன் தொடர்ந்து 55 நாள். நோன்பு நாளில் ‘யெட்சோம் பெயாய்நெத்து’ என்று கேட்டால் தோசை போன்ற ஒரு பெரிய இஞ்செராவின்மேல் பருப்பு, கீரை, கடலைமாவுக் குழம்பான ஷிரோ எல்லாம் கூறு கூறாக வரும். நம் சைவக்காரர்களுக்குப் பிரச்சினையே இல்லை. ஈஸ்டருக்குப் பிந்தைய 50 நாளில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். அப்போது புதன், வெள்ளி நோன்பும் கிடையாது. ஊரே கறி சமைத்துக்கொண்டிருக்கும்.