3,500 ரூபாய் கொடுத்து ஸ்மார்ட் மீட்டர் மாட்டலாமா?

கேள்வி: சார், நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. பாபநாசம் பக்கம் கிராமத்தில் பழைய சொந்த வீடு. நான், கணவர், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். ஒரு அறையில் மட்டும் ஏசி. போன தடவைக்கு முந்தின தடவை 490 யூனிட், 1,742 ரூபாய். போன தடவை 540 யூனிட், 2,376 ரூபாய். கூடுதலாக எதையும் ஓட்டியதாக நினைவில்லை. எலெக்ட்ரீஷியன் தம்பி, "3,500 ரூபாய் கொடுங்க டீச்சர், ஸ்மார்ட் மீட்டர் மாட்டிடறேன், போன்லயே பார்த்துக்கலாம்" என்கிறார். பக்கத்து வீட்டிலோ, அது வந்தால் பில் எகிறும், வயல் மோட்டாருக்கும் காசு கேட்பார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். எங்களுக்கு இரண்டு ஏக்கரும் இலவச மின்சாரத்தில் ஓடும் போரும் உண்டு. மாட்டலாமா, வேண்டாமா? ரீடிங் எழுதும் வெள்ளை அட்டையின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அம்மா, அட்டையின் படத்தை அனுப்பினீர்களே, நல்ல காரியம். அதில் நான் முதலில் பார்த்தது யூனிட்டை அல்ல, தேதியை. 490 யூனிட் வந்தது 60 நாளைக்கு. 540 வந்தது 66 நாளைக்கு. வகுத்துப் பாருங்கள், இரண்டுமே நாளுக்கு எட்டு யூனிட் சொச்சம்தான். உங்கள் வீட்டில் செலவு கூடவே இல்லை. ரீடிங் எடுக்க வருபவர் ஆறு நாள் தாமதமாக வந்தார், அவ்வளவுதான்.

ஆறு நாளுக்கு 634 ரூபாய் எப்படிக் கூடும் என்று கேட்பீர்கள். அங்கேதான் 500 என்ற கோடு இருக்கிறது. 2024 ஜூலைக் கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு யூனிட் 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. ஒரு யூனிட் தாண்டி 501 ஆனாலும், அந்த 2.35 ரூபாய்ச் சலுகை பறிபோய் அதற்கும் 4.70 போடுவார்கள். அங்கேயே 235 ரூபாய் போச்சு. 500க்கு மேல் உள்ளதற்கு யூனிட் 8.40 தனி. 500 யூனிட்டின் பில் 1,805, 501 யூனிட்டின் பில் 2,048. வாய்க்கால் மதகு மாதிரிதான், ஒரு விரற்கடை தூக்கினால் போதும், பக்கத்து வயல் வரை தண்ணீர் போய்விடும்.

"அடுத்த தடவை நாள் குறையும், சரியாகிவிடும்" என்று நினைக்க வேண்டாம். அடுத்த முறை 54 நாளில் எடுத்து 441 யூனிட் வந்தால் 1,433 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 3,809. இரண்டு தடவையும் ஒழுங்காக 60 நாளில் எடுத்திருந்தால் 3,484. தேதி தவறியதற்கு நீங்கள் கொடுத்த விலை 325 ரூபாய்.

இப்போது மீட்டருக்கு வருவோம். எலெக்ட்ரீஷியன் தம்பி மாட்டப்போவது மின்வாரியத்தின் ஸ்மார்ட் மீட்டர் இல்லை. கடையில் கிடைக்கும் வைஃபை மீட்டர். மெயின் போர்டில் உட்கார்ந்து எவ்வளவு ஓடுகிறது என்று போனில் காட்டும். உங்கள் பில்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பில் போடுகிற மீட்டரை மாற்றும் உரிமை அவருக்கும் கிடையாது, உங்களுக்கும் கிடையாது. தம்பி ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை, எல்லோரும் அதை அந்தப் பெயரில்தான் விற்கிறார்கள்.

வாரியத்தின் அசல் ஸ்மார்ட் மீட்டர் என்பது மத்திய அரசு 2021இல் தொடங்கிய திட்டத்தின் பகுதி. தமிழ்நாட்டில் முதலில் சென்னை தி.நகரில் மாட்டிப் பார்த்தார்கள். மாநிலம் முழுக்க மாட்டுவதற்கான டெண்டர் 2024 கடைசியில் ரத்தானது. உங்கள் தெருவுக்கு வரும்போது அவர்களே வந்து மாட்டுவார்கள், நீங்கள் மனுப் போட வேண்டியதில்லை. அதனால் உங்கள் முன்னால் இருப்பது "மாட்டலாமா" என்ற முடிவே இல்லை. (இதைச் சொல்லி யாராவது வாசலில் வந்து பணம் கேட்டாலோ, இன்று ராத்திரி கரண்ட் கட்டாகும் என்று குறுஞ்செய்தி வந்தாலோ ஒரு பைசா கொடுக்காதீர்கள். நேரே மின்வாரிய ஏ.இ. (உதவிப் பொறியாளர்) ஆபீஸில் போய்க் கேளுங்கள்.)

அது வந்தால் பில் எகிறுமா? மீட்டர் எண்ணும், விலை வைக்காது. ஓடித் தேய்ந்த பழைய சக்கர மீட்டர் குறைவாகக் காட்டிக்கொண்டிருந்த வீட்டில் வேண்டுமானால் பில் கூடும். உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு லாபமே உண்டு. ஆள் வராமலே குறித்த தேதியில் ரீடிங் போய்விடும், அந்த 325 ரூபாய் விவகாரம் முடிந்தது. டவர் இல்லாவிட்டாலும் உள்ளே எண்ணி வைத்துக்கொண்டு பிறகு அனுப்பும்.

மாதாமாதம் பில் வந்தால் குறையும் என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. வரம்புகளையும் பாதியாக்கிவிட்டால், ஏசி ஓடும் மே மாதம் 300, அடுத்த மாதம் 200 என்று வரும் வீட்டுக்கு மாதக் கணக்கில் 2,027 ரூபாய் ஆகும். இப்போதைய இரண்டு மாதக் கணக்கில் அதே 500 யூனிட் 1,805தான்.

கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, 2020இல் வந்த மத்திய விதிகள் ஸ்மார்ட் மீட்டரை ப்ரீபெய்டாக, போன் ரீசார்ஜ் மாதிரி வைக்கச் சொல்லின. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வேதாரண்யம் பக்கம் கரண்டும் இல்லை, டவரும் இல்லை என்று கிடந்ததைப் பார்த்தவன் நான். அப்படி வந்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மாதப் பணம் எப்போதும் இருப்பில் இருக்கட்டும். இரண்டு, 2023இல் திருத்திய விதிகளில் நேரத்துக்குத் தகுந்த கட்டணம் இருக்கிறது. பகலில் மலிவு, சாயங்கால உச்ச நேரத்தில் கூடுதல். பகலிலும் வீட்டில் ஆள் இருக்கும் உங்களுக்கு அது பாதகமில்லை, கிரைண்டரையும் டேங்க் மோட்டாரையும் பகலிலேயே ஓட்டிவிடலாம்.

வயல் மோட்டார்? அந்த நேரக் கட்டண விதிகள் விவசாய இணைப்பை வெளிப்படையாகவே விலக்கியிருக்கின்றன. வீட்டு மீட்டர் மாறுவதால் குறுவைக்கு ஓடும் போருக்குக் காசு கேட்க மாட்டார்கள்.

சரி, அந்த 3,500ஐ என்ன செய்வது? பேசாமல் ஃபேன் வாங்குங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், கரண்டை மிச்சம் பிடிக்கும் பி.எல்.டி.சி வகை ஃபேன் 30 வாட்டுக்குள். கூடத்தில் 12 மணி நேரம் ஓடும் ஒன்றையும் படுக்கையறையில் 10 மணி நேரம் ஓடும் ஒன்றையும் மாற்றினாலே இரண்டு மாதத்தில் 59 யூனிட் குறையும். 66 நாள் வந்த போன தடவையில் 65 குறைந்து, 540 என்பது 475 ஆகியிருக்கும். 2,376 ரூபாய் 1,648 ஆகியிருக்கும். ஆள் ஆறு நாள் தாமதமாக வந்தாலும் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருப்பீர்கள். ரெண்டு ஃபேன் ஆறாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். தாமதமான தடவைகளில் மிச்சம் 730 ரூபாய் வாக்கில், மற்றபடி 370 சொச்சம். மூன்று வருஷத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடும்.

அதற்கு முன்னால் செலவில்லாத ஒரு சோதனை. என் சித்தி வீட்டில், திருவையாற்றில், இதைச் செய்தோம். இன்வெர்ட்டரை நிறுத்தி, ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கி, எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் நின்றோம். சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது, நிமிஷத்துக்கு மூன்று தடவை. மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் என்று எழுதியிருந்தது. கணக்குப் போட்டால் இரண்டு மாதத்துக்கு 81 யூனிட், யாருக்கும் உபயோகமில்லாமல். தேடிப் போனால் கொல்லையில் மாட்டுக்கொட்டகை வயரை எலி கடித்து, ஈரச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. பில் கிடக்கட்டும், மாடோ மனுஷனோ கை வைத்திருந்தால்?

உங்கள் வீடும் பழசு. இந்த ஞாயிற்றுக்கிழமை மருமகள் டார்ச் பிடிக்க, நீங்களே பார்த்துவிடுங்கள். விளக்கு சிமிட்டினால் அதே தம்பியைக் கூப்பிடுங்கள், அவருக்கு உண்மையான வேலை இருக்கிறது. அப்புறம் காலண்டரில் ரீடிங் எடுத்த நாளிலிருந்து 60ஆவது நாளை வட்டமிட்டு வையுங்கள். அன்றைக்கு யாரும் வராவிட்டால் மீட்டரை ஒரு படம் எடுத்துக்கொண்டு செக்‌ஷன் ஆபீஸுக்குப் போன் போடுங்கள்.