மூன்றாவது ஜம்புக்கு முன்

(ஒரு வாசகரின் கடிதம் வந்த இரவே இந்தப் பதிலை அவருக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டு வெளியிடலாம் என்று பிறகு அவரே சொன்னார்.)

அன்புள்ள ஐயா,

வணக்கம். விமானப்படையில் இருந்த நாட்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிப்பவன். அதனால்தான் இதை உங்களிடம் கேட்கத் தோன்றியது.

நான் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்ட். ஐந்து வருட சர்வீஸ். பாராசூட்டில் குதிக்கும் பாரா யூனிட்டுக்குப் போக நானாகத்தான் விருப்பம் எழுதிக் கொடுத்தேன். ப்ரொபேஷன் முடித்து இப்போது ஆக்ராவில் பேசிக் கோர்ஸ். தரைப் பயிற்சியில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. முதல் ஜம்ப் நன்றாகவே போனது. என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் குடை விரிந்துவிட்டது. இரண்டாவதில்தான் சிக்கல். விமானத்தின் பின்வாசலைப் பார்த்ததும் முழங்கால் என் பேச்சைக் கேட்கவில்லை. முன்னால் நின்றவர் போனார், பின்னால் இருந்தவர் நெருக்கினார், நானும் போய்விட்டேன். இறங்கும்போது வலது கணுக்கால் லேசாகப் பிசகியது, க்ரேப் பேண்டேஜ் கட்டிச் சமாளிக்கிறேன். மூடுபனியால் மூன்று நாளாக ஜம்ப் இல்லை. எனக்குத் தூக்கமும் இல்லை.

ஊரில் பஸ் ஸ்டாப்பில் நண்பர்கள் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். நான் இன்னும் வாங்காத மெரூன் தொப்பியை என் தலையில் ஒட்டி, பெரிய எழுத்தில் 'பாரா கமாண்டோ' என்று போட்டிருக்கிறார்கள். நான் கமாண்டோவும் இல்லை. அப்பா தினமும் அந்த வழியாகத்தான் டீக்கடைக்குப் போகிறார். அம்மாவிடம் ஆஸ்பத்திரி ட்ரெயினிங் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

விலகிவிடலாமா ஐயா? விலகினால் பயந்து ஓடியவன் என்ற பெயர் ஆயுசுக்கும் போகாது இல்லையா?

இப்படிக்கு,
உங்கள் வாசகன்

அன்புள்ள தம்பி,

ஃபிளெக்ஸுக்கு நாலைந்து வரி எழுதியிருக்கிறீர்கள். கணுக்காலுக்கு ஒரே வரி, அதிலும் 'லேசாக' என்று ஒரு சொல். முதலில் அந்தக் காலைப் பற்றிப் பேசுவோம்.

மூன்று நாள் கழிந்தும் பேண்டேஜ் இல்லாமல் நடக்க முடியவில்லை என்றால், ஒரு நோயாளியிடம் நீங்கள் என்ன கேட்பீர்கள்? பிடிமானம் இல்லாமல் நாலு அடி வைக்க முடிகிறதா என்று பார்ப்பீர்கள். கணுக்கால் முட்டின் பின் ஓரத்தை, இரண்டு பக்கமும், விரலால் அழுத்திப் பார்ப்பீர்கள். எலும்பின் மேலேயே வலி இருந்தால் எக்ஸ்ரேக்கு அனுப்புவீர்கள். இதை உங்களுக்கே நீங்கள் செய்துகொண்டீர்களா? எம்.ஐ. ரூமுக்கு (யூனிட்டின் மருத்துவப் பரிசோதனை அறை) போனதாகக் கடிதத்தில் இல்லை. போகவில்லை என்றே நினைக்கிறேன். போனால் கோர்ஸிலிருந்து எடுத்துவிடுவார்கள், 'காலைச் சாக்கு வைத்துத் தப்பித்தான்' என்று பேச்சு வரும் என்று பயந்திருப்பீர்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து மூன்றாவது ஜம்புக்குப் போய்விடுவீர்களோ என்பதுதான் என் கவலை.

ராணுவக் குடை மெதுவாக இறக்காது. நொடிக்கு 5, 6 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறீர்கள். ஏறக்குறைய ஐந்தடி மதிலில் இருந்து குதிப்பதற்குச் சமம். அதை உடம்பு தாங்கத்தான் இரண்டு காலையும் ஒட்டிவைத்து பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகு என்று வரிசையாக உருளச் சொல்லிக் கொடுக்கிறார்கள். வலிக்கிற காலை மனிதன் தன்னை அறியாமல் கொஞ்சம் தூக்கிக்கொள்வான். அப்போது முழு எடையும் ஒற்றைக் காலில் விழும். மன உறுதியால் இதைத் தடுக்க முடியாது, உடம்பின் இயல்பு அது.

உங்கள் வேலைக்கு முன்னோடியான ஒருவரை நினைத்துப் பாருங்கள். 1941இல் இந்தியாவில் முதல் பாராசூட் பிரிகேடை உருவாக்கியபோது, குடையோடு குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர் லெப்டினன்ட் ரங்கராஜ். ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ், 152வது பட்டாலியனின் டாக்டர். ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும் அவரோடு குதித்தார். பத்து வருடம் கழித்துக் கொரியப் போரில் 60வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற மருத்துவப் பிரிவுக்கு ரங்கராஜ்தான் தலைமை. 1951 மார்ச் 23 அன்று முன்சான் அருகே அமெரிக்கப் பாராசூட் படையோடு தன் மருத்துவக் குழுவைக் கூட்டிக்கொண்டு குதித்தார். அந்தப் போரில் ஆற்றிய பணிக்காக மகாவீர் சக்ரா கிடைத்தது.

எல்லாரும் அவரை முதலில் குதித்த இந்தியர் என்று நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது முன்சானில் கால் தரையில் பட்ட பிறகு அவர் செய்த வேலை. ஒரு டாக்டருக்குக் குதிப்பது என்பது நோயாளி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும் வழி. உங்களுக்கும் அப்படித்தான். நீங்கள் உடைந்த காலோடு இறங்கினால் அந்தக் குழுவுக்கு ஒரு ஆள் குறைவது மட்டுமில்லை. காயம்பட்டவர் கணக்கில் ஒருவர் கூடி, அவரைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருக்கும்.

அதனால் விடிந்ததும் சிக் ரிப்போர்ட் கொடுங்கள். இதற்கும் விலகுவதற்கும் சம்பந்தமே இல்லை. கால் சரியானதும் திரும்பச் சேர வழி உண்டா என்று இன்ஸ்ட்ரக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

சரி, இனி பயத்துக்கு வருவோம்.

ஆக்ராவில் நான் ஏ.என்.-32 விமானங்களில் வேலை பார்த்த வருடங்களில், குதிக்காமல் விமானத்தோடு திரும்பி வந்த ஒரு ஜவானைப் பார்த்திருக்கிறேன். ஜனவரி மாதம். விமானம் நின்று எல்லாரும் இறங்கிய பிறகும் அவர் உள்ளே பக்கவாட்டு சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். முதுகில் குடை அப்படியே இருந்தது. மார்பில் கட்டிய ரிசர்வ் குடையை, தூங்கும் குழந்தையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். தலைக்கு மேலே கம்பியில், குதித்துப் போனவர்களின் ஸ்டாட்டிக் லைன்கள் (குதித்ததும் குடையை இழுத்து விரிக்கும் பட்டைகள்) வரிசையாகத் தொங்கின. நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரை வாங்க ரிசர்விலிருந்து ஒரு கையை எடுக்க வேண்டும். அதற்கே அவருக்கு ரொம்ப நேரம் ஆனது. அப்புறம் ஹிந்தியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "எனக்குப் பின்னால் இருந்தவர்கள் சரியாக இறங்கிவிட்டார்களா?"

இறங்கிவிட்டார்கள். ஆனால் குதிப்பவர்கள் இறங்கும் மல்புரா மைதானத்தின் எல்லை தாண்டி, கடுகு வயலில். விமானம் அப்போது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருக்கும். வாசலில் ஒருவர் ஒரு நொடி தயங்கினால், பின்னால் நிற்பவர் ஐம்பது மீட்டருக்கு மேல் தள்ளிப்போய் விழுவார். அன்றைக்கு யாருக்கும் அடி இல்லை, பூ ஒட்டிய உடுப்போடு நடந்தே வந்தார்கள். அந்த ஜவானை நான் கோழை என்று நினைத்ததே இல்லை. அந்த நிலையிலும் மற்றவர்களைப் பற்றிக் கேட்ட மனிதர் அவர். வாசல்வரை போய் முடிவெடுத்தார் என்பது மட்டும்தான் அவர் செய்த பிழை. முந்தின நாளே தரையில் நின்று சொல்லியிருக்கலாம்.

நீங்கள் அந்த முந்தின நாளில் இருக்கிறீர்கள். மூடுபனி உங்களுக்கு மூன்று நாள் கொடுத்திருக்கிறது.

முதல் ஜம்பைவிட இரண்டாவது பயமாக இருந்தது என்கிறீர்கள். பாரா ஆட்கள் நிறையப் பேர் என்னிடம் இதையே சொல்லியிருக்கிறார்கள். முதல் தடவை வாசலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று உடம்புக்குத் தெரியாது, இரண்டாவது தடவை தெரியும். அதனால் அன்று முழங்கால் நடுங்கியதை மட்டும் வைத்து நீங்கள் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று நான் சொல்ல மாட்டேன். லாயக்கு என்றும் சொல்ல மாட்டேன். நீங்கள் யோசிக்க வேண்டிய கேள்வி வேறு. அந்த யூனிட்டை விமானத்துக்குப் பதிலாக லாரியில் கூட்டிப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அவர்களோடு போக ஆசைப்படுவீர்களா? எந்த நேரமும் கூப்பிடுவார்கள், ஆஸ்பத்திரி கட்டடமே இல்லாத இடத்தில் வேலை. அது வேண்டும் என்று மனசு சொன்னால், உங்களுக்கு இருப்பது வாசல் பயம் மட்டும்தான். அதை இன்ஸ்ட்ரக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வாசலில் ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்தவர்கள் அவர்கள். இரண்டாவது ஜம்பில் உங்கள் முகத்தைப் பார்த்தே ஊகித்திருப்பார்கள். லாரியில் போவதென்றாலும் வேண்டாம், தொப்பியும் சிறகு பேட்ஜும் மட்டும்தான் வேண்டியிருந்தது என்று தெரிந்தால், அந்தச் சிறகை வாங்குவதற்கு முன்பே விலகிவிடுங்கள்.

முன்பே என்று சொல்லக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் படையில் ஒரு வழக்கம் இருந்தது. பயிற்சியின்போது ஒருவர் குதிக்க மறுத்தால் பழைய யூனிட்டுக்கே அனுப்பிவிடுவார்கள், வேறு தண்டனை கிடையாது. சிறகு வாங்கிய பிறகு மறுத்தால் கோர்ட் மார்ஷல். எனக்கு இது நியாயமான பிரிவாகப் படுகிறது. ஐந்து ஜம்ப் முடித்துச் சிறகைக் குத்திக்கொண்டவரை நம்பி இன்னொருவர் பின்னால் நிற்கிறார். உங்களுக்கு இன்னும் மூன்று பாக்கி இருக்கிறது, அதில் ஒன்று இரவில். அவை முடியும்வரை 'இது எனக்கு ஆகாது' என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. பழைய யூனிட்டுக்கே திரும்பிப் போனால் சில மாதம் கேலி பேசுவார்கள்தான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே வார்டில் இரவு இரண்டு மணிக்கு டிரிப் மாற்ற எழுந்து வருபவரிடம், நீ ஆக்ராவில் எத்தனை தடவை குதித்தாய் என்று எந்த நோயாளியும் கேட்பதில்லை.

ஃபிளெக்ஸ் நாலு மாச வெயிலில் வெளுத்துவிடும். அதற்குள் திருவிழாவோ கல்யாணமோ வந்தால் அதன் மேலேயே வேறு ஒன்றைக் கட்டிவிடுவார்கள். அதற்காக ஒரு காலைப் பணயம் வைக்காதீர்கள். அப்பாவிடம் இன்றைக்கே பேசுங்கள், காலில் அடி என்ற உண்மையை மட்டும் சொன்னால் போதும். அவர் அந்தத் தொப்பியைப் பார்த்துத்தான் பெருமைப்படுகிறார் என்று நீங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். என் அப்பாவைப் பற்றி நானும் அப்படித்தான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் சொல்வதை எக்ஸ்ரே வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். ஆனால் சொல்லிவிடுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கால் ஆறுவதற்கு முன்னால் போவதா விலகுவதா என்று முடிவெடுக்காதீர்கள். தூக்கம் இல்லாத மூன்று நாளில் எடுக்கும் முடிவு எதுவானாலும், அது உங்களுடைய முடிவுதானா என்ற சந்தேகம் பின்னால் அரித்துக்கொண்டே இருக்கும். ஐஸ் வையுங்கள், தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துப் படுங்கள். இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். காலையில் எம்.ஐ. ரூமில் முதல் ஆளாக நில்லுங்கள். டாக்டர் கேட்கும்போது 'லேசாக' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள்.

எக்ஸ்ரேயில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்.